வீட்டில் வெல்டிங் மெஷின்: கண்ணுக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பது இது: மொட்டை மாடியில் தகர ஷெட் போட வேண்டும், கூலி கட்டுப்படியாகவில்லை, அதனால் 200 ஆம்பியர் இன்வெர்டர் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கி நீங்களே பழகுகிறீர்கள். கண்ணுக்கு எந்தக் கண்ணாடி நல்லது, வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கண்ணாடியைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன், ஆனால் முதலில் இல்லை. புதிதாக வெல்டிங் பழகுகிற எல்லாருக்கும் வெளிச்சத்தின் மேல்தான் பயம். அது வலிக்கும், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும், பெரும்பாலும் இரண்டு நாளில் ஆறியும் விடும். ஆளையே கொண்டுபோகக்கூடியவை வேறு மூன்று: மின்சாரம், மூடிய டிரம், நாம் கீழே இறங்கிப் போன பிறகு பிடிக்கிற தீ. இவை முன்கூட்டி வலித்து எச்சரிப்பதில்லை. அதனால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

மெஷினுக்குள் போகிற மின்சாரம் வேறு, வெளியே வருவது வேறு. உள்ளே போவது வீட்டு 230 வோல்ட். அது மெஷினின் இரும்பு உடம்பில் கசிந்தால் காப்பாற்ற வேண்டியது மூன்றாவது பின்னில் இருக்கும் எர்த். வெல்டிங் செய்யும் இரும்பில் கடிக்க விடுகிறோமே, அந்தக் கிளாம்பையும் பட்டறையில் எர்த் என்றுதான் சொல்வோம். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிளாம்ப் வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்பிப் போகும் வழி, அவ்வளவுதான். ‘எர்த்தான் மாட்டியிருக்கிறோமே’ என்று கிளாம்பைக் காட்டிவிட்டு, பிளக்கில் மூன்றாவது பின்னை வெட்டி எறிந்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசம், பிளக்கே இல்லாமல் வயர் முனையைச் சீவி, சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சி சொருகி ஓட்டுவது. பத்து நிமிட வேலைதானே என்று செய்வார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்கள் மெஷினில் 200 ஆம்பியர் என்று போட்டிருப்பது வெளியே வரும் கரண்ட். முழுச் சுமையில் அது வீட்டு லைனிலிருந்து 30 ஆம்பியருக்கு மேலே இழுக்கும். ராடு என்பது எரிந்து உருகி இரும்பை ஒட்டவைக்கும் பூச்சுக் கம்பி. 2.5 மில்லி ராடு, அதாவது 12 கேஜ், 60 முதல் 90 ஆம்பியரில் எரியும். அதற்கு நல்ல 16 ஆம்பியர் பவர் பாயின்ட் ஏறக்குறைய தாங்கும். 3.15 மில்லி ராடு 90 முதல் 130 வரை கேட்கும். அதை வீட்டு சாக்கெட்டில் ஓட்டினால் பிளக் உருகும், சுவருக்குள் வயர் சூடேறும். ஷெட்டுக்கான சதுர பைப்புக்கு 12 கேஜே போதும். மாடிக்கு எக்ஸ்டென்ஷன் இழுக்கும்போது மிக்சிக்கு வைத்திருக்கும் சன்ன வயரை எடுக்காதீர்கள். மூன்று கோர் உள்ள 4 சதுர மில்லி செம்பு வயர் வாங்குங்கள். சுருட்டி வைத்த நிலையிலேயே ஓட்டாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு தங்கினால் மேல்தோல் இளகிவிடும்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், அப்படியே அந்த பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று: ஆர்சிசிபி காப்பாற்றுவது உள்ளே போகும் 230 வோல்ட்டிலிருந்து மட்டும்தான். ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்கு வரும் மின்சாரம் மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரால் வீட்டு லைனிலிருந்து தனியாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் பக்கம் உங்களுக்கு ஷாக் அடித்தால் ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது, விழாது.

வெளியே வரும் மின்சாரம் என்ன செய்யும்? ராடு எரிந்துகொண்டிருக்கும்போது ஹோல்டரில் இருப்பது சுமார் 20, 25 வோல்ட்தான். எரியாமல் சும்மா இருக்கும்போதுதான் அது 60, 70, 80 வரை ஏறி நிற்கும். ஆக, பளிச்சென்று எரியும்போது ஹோல்டரில் வோல்ட் குறைவு. எல்லாம் அணைந்து, முகத்தை மறைக்கும் ஷீல்டைத் தூக்கிவிட்டு, அடுத்த ராடை எடுக்கும் அந்த நேரத்தில்தான் அதிகம். நம் ஆட்கள் கையுறையைக் கழற்றுவதும் அதே நேரத்தில்தான்.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மதிய வெயில். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. வெல்டிங் செய்பவர் ஒரு முட்டியை இரும்பு பைப்பின் மேல் ஊன்றியிருக்கிறார். அந்த பைப்பில்தான் கிளாம்ப் கடித்திருக்கிறது. இடது கையில் ஹோல்டரை அமுக்கிப் பிடித்து, வலது கையின் வெறும் விரலால் புது ராடை ஹோல்டரின் தாடைக்குள் சொருகுகிறார். ராடின் அந்த முனையில் பூச்சு கிடையாது, வெறும் கம்பி. ஒரு பக்கம் ஈர விரல், இன்னொரு பக்கம் ஈர முட்டி, நடுவில் நெஞ்சு. காய்ந்த தோலுக்குத் தடை அதிகம், 80 வோல்ட் அதைத் தாண்டிப் பெரிதாகப் பாயாது. வியர்வையில் ஊறிய உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கணக்குப் போட்டால் 80 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். ‘வெல்டிங் கரண்ட் சும்மா சுள்ளென்று இருக்கும், ஒன்றும் செய்யாது’ என்று சொல்பவர் சொல்வது பொய்யில்லை, அவர் காய்ந்த கையோடு தொட்டவர். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்களில் வருவது ஏசி, அதே வோல்ட்டில் அது டிசியைவிட ஆபத்து. உங்களுடையது டிசி என்பது ஒரு நல்ல விஷயம், அவ்வளவுதான்.

அதனால் ராடு மாற்றும்போது தோல் கையுறை கையிலேயே இருக்கட்டும். இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நனைந்தால் வெயிலில் காயப்போட்டு மற்றதை மாட்டுங்கள், ஈரக் கையுறை இருந்தும் இல்லாததற்குச் சமம். உட்கார்ந்து செய்தால் காய்ந்த பலகையோ ரப்பர் பாயோ போட்டு அதன் மேல் உட்காருங்கள். ஹோல்டரை அக்குளில் இடுக்காதீர்கள், கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஹோல்டரின் மேல்மூடி வெடித்து உள்ளிருக்கும் பித்தளை தெரிந்தால் டேப் சுற்றி ஓட்டாமல் புது ஹோல்டர் வாங்கிவிடுங்கள். மழை தூறினால் வேலையை நிறுத்திவிட வேண்டும். சில மெஷின்களில் விஆர்டி என்று ஒரு வசதி இருக்கும். ராடு எரியாத நேரத்தில் வோல்ட்டை 30க்கும் கீழே இறக்கி வைக்கும். உங்கள் மெஷினில் அதற்கான சுவிட்ச் இருந்தால் போட்டே வையுங்கள்.

கிளாம்பை எங்கே கடிக்க விடுகிறீர்கள் என்பதும் முக்கியம். வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், துருவைச் சுரண்டிய இரும்பில். தூரத்தில் எங்கோ ஜன்னல் கம்பியிலோ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பியிலோ, தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால், கரண்ட் தனக்குத் தோன்றிய வழியில் சுற்றி வரும். அந்த வழியில் வீட்டு எர்த் வயர் இருந்தால் அது எரியும், யாராவது கை வைத்திருந்தால் அவருக்கு அடிக்கும். பைக், காரில் வெல்டிங் செய்வதாக இருந்தால் பேட்டரி வயரைக் கழற்றாமல் ஆரம்பிக்கவே கூடாது.

மின்சாரத்தை விட்டு நகரும் முன் உங்கள் மாடிக்கு மட்டும் ஒன்று. பைப் 20 அடி நீளத்தில் வரும். அதைக் கீழிருந்து நிமிர்த்தி மேலே ஏற்றும்போதோ, மாடியில் திருப்பும்போதோ, வீட்டை ஒட்டிப் போகும் மின்கம்பி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது 11,000 வோல்ட் லைனாக இருந்தால் பைப் தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே பாயும். மேலே லைன் போகிறது என்றால் பைப்பைக் கீழேயே துண்டாக வெட்டி ஏற்றுங்கள். அப்புறம், ஏணி மேல் நின்று வெல்டிங் செய்யும்போது சின்ன ஷாக்கே போதும், கை உதறி ஆள் கீழே வந்துவிடுவார். நிற்பதற்குச் சாரமோ அசையாத மேசையோ போட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டால் ஆளைத் தொடாமல் மெயினை அணையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அமுக்க ஆரம்பித்துவிட்டு இன்னொருவரை 108க்கு அழைக்கச் சொல்லுங்கள். உதவிக்கு நிற்பவருக்கு அந்த மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காலையிலேயே காட்டி வைத்துவிடுங்கள்.

அடுத்தது டிரம். ஷெட்டுக்கும் டிரம்முக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மெஷின் வீட்டில் இருப்பது தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் கொண்டுவருவதே இதைத்தான்: ‘தம்பி, இந்த டிரம்மைப் பாதியாக வெட்டி அடுப்பாக்கித் தா’, ‘பைக் டேங்க் ஒழுகுகிறது, ஒரு புள்ளி வை’. கண்டிப்பாக மாட்டேன் என்று சொல்லுங்கள். காலி டிரம் நிறைந்த டிரம்மைவிட ஆபத்து. பெட்ரோல், தின்னர் டிரம்மில் அடியில் ஒரு கரண்டி மிச்சமிருந்தாலே ஆவியும் காற்றும் கலந்து உள்ளே நிறைந்திருக்கும். டீசலும் ஆயிலும் பற்றாது என்று நினைப்பார்கள். சாதாரணச் சூட்டில் பற்றாதுதான். வெளியே வைக்கிற ராடின் சூட்டில் உள்சுவரில் ஒட்டியிருக்கும் பிசுக்கு ஆவியாகி, அதே சூட்டில் தீயும் பிடித்து, டிரம்மின் மூடி பறக்கும். முகம் அதற்கு நேரே இருக்கும். கழுவிவிட்டோம் என்பது சமாதானமில்லை, மடிப்பு ஓரத்தில் நிற்பதைச் சோப்புத் தண்ணீர் எடுக்காது. தொழிற்சாலைகளில் வாயு அளவு பார்த்து, தண்ணீரோ மந்த வாயுவோ நிரப்பிச் செய்வார்கள். வீட்டில் அதற்கு வசதியில்லை. உங்கள் ஷெட்டிலும் இதன் சின்ன வடிவம் உண்டு: இரண்டு முனையையும் அடைத்துவிட்ட பைப்பில் வெல்டிங் வைத்தால் உள்ளே காற்று விரிந்து உருகிய இரும்பை முகத்தில் துப்பும். முதலில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிடுங்கள்.

தீ. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகளில் வெல்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. தரையில் செய்வதற்கே அவ்வளவு. மாடியிலிருந்து விழும் பொறி இன்னும் தள்ளிப் போகும். நாம் பார்ப்பது காலடியில் விழும் பொறியை. கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழுவது அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணியிலும், கீழே நிறுத்திய பைக்கின் சீட்டிலும், தென்னங்கீற்றுக் கொட்டகையிலும். மாடி மூலையில் கிடக்கும் பழைய மெத்தை, சாக்கு, பஞ்சு இவைதான் மோசம். பொறி உள்ளே போய்ப் புகையாமல் கனன்றுகொண்டே இருந்து, நீங்கள் குளித்துச் சாப்பிட உட்காரும்போது எரியும். மாடியைப் பெருக்கிவிட்டு ஆரம்பியுங்கள். நகர்த்த முடியாத பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் மேல் தகரம் சாய்த்து வையுங்கள். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் மெஷின் பக்கம் போகக் கூடாது. வேலை முடிந்தபின் குறைந்தது அரை மணி நேரம் மாடியிலேயே இருங்கள். ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது.

இப்போது கண். வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணைச் சுடுவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். அது கருவிழியின் மேல்தோலை வேக வைக்கிறது, ஆனால் அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது மாதிரி எழுப்பும். தண்ணீராக ஊற்றும், விளக்கைப் பார்க்க முடியாது. அப்போது இருட்டறை, குளிர்ந்த ஈரத்துணி, ஒரு வலி மாத்திரை, காலையில் கண் டாக்டர். உருளைக்கிழங்கு வில்லை, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எல்லாம் வேண்டாம். அவற்றில் சுகமாக இருப்பது அந்தக் குளிர்ச்சி மட்டும்தான். அதை ஈரத்துணியே கொடுக்கும், கிருமியைக் கொண்டுவராது. இதைவிட முக்கியம், மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் மரத்துப்போகிற சொட்டு மருந்து. போட்டவுடன் வலி நிற்கும் என்பதால் பட்டறை ஆட்களிடம் அது பிரபலம். டாக்டர் பரிசோதனைக்காக ஒரு சொட்டு போடுவது வேறு. நாமே திரும்பத் திரும்பப் போட்டால் காயம் ஆறாமல் கருவிழியில் புண்ணாகும், பார்வையே போகலாம். இன்னொரு குறிப்பு: வெளிச்சம் பட்ட வலி பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் உறுத்தினால் அது பெரும்பாலும் இரும்புத் தூள். அது தானாக ஆறாது, துருப்பிடிக்கும், எடுத்தே ஆக வேண்டும்.

கண்ணாடியில் உங்கள் 60 முதல் 130 ஆம்பியர் வேலைக்கு ஷேடு (கறுப்பின் அளவைச் சொல்லும் எண்) 10 சரி, கூசினால் 11. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், கேஸ் வெல்டிங் கண்ணாடி எதுவும் இதற்கு ஆகாது. வெறும் கறுப்பாக இருப்பது போதாது. தரமில்லாத கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தை மட்டும் மறைக்கும், கண்ணின் பாப்பா விரியும், கதிர் தாராளமாக உள்ளே போகும். ஐஎஸ்ஐ முத்திரையோ ஐரோப்பிய ஈஎன் தர எண்ணோ உள்ளதை வாங்குங்கள். தானாகக் கறுக்கும் ஹெல்மெட் புதிதாகப் பழகுபவருக்கு உண்மையிலேயே உதவும். பழைய கைஷீல்டில் ராடை எங்கே வைக்கிறோம் என்று பார்க்க, தட்டிய பிறகு மூடும் பழக்கம் வந்துவிடுகிறது, கண்ணில் அடி வாங்குவது அங்கேதான். நல்ல ஹெல்மெட்டில் அது கறுக்காத நேரத்திலும் புற ஊதா வடிகட்டி வேலை செய்துகொண்டே இருக்கும். பைப் ஏதாவது குறுக்கே வந்து, வெளிச்சத்தை உணரும் சென்சாரை மறைத்தால் கண் கூசும், புண்ணாகாது. காண்டாக்ட் லென்ஸ் கண்ணோடு உருகி ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு கதை பல வருடமாகச் சுற்றுகிறது. நம்ப வேண்டாம்.

அதிகம் அடி வாங்குவது வெல்டிங் செய்பவர் இல்லை, பைப்பைப் பிடித்துக்கொண்டு ‘நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்’ என்று சொல்லும் ஆள். வெள்ளையடித்த கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பும் கதிர், முகத்தைத் திருப்பிய பக்கத்திலிருந்தே வரும். வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் மாடிக்கு வருவார்கள். படிக்கதவைச் சாத்தி வையுங்கள், அடுத்த மாடி தெரிகிற பக்கம் தார்ப்பாயோ தகரமோ கட்டி மறையுங்கள். உங்களுக்கும் கண் மட்டும் மறைந்தால் போதாது. கழுத்துப் பட்டன் திறந்திருந்தால் சாயந்திரம் அந்த இடம் முக்கோணமாகச் சிவந்து உரியும். முழுக்கைப் பருத்திச் சட்டை, மடித்துவிடாத ஜீன்ஸ், தோல் ஷூ. பாலியஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். லுங்கியும் செருப்பும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். பாக்கெட்டில் லைட்டர் இருக்கக் கூடாது.

புகை விஷயத்தில், ஷெட்டுக்கு ஜிஐ பைப் வாங்கியிருந்தால் மட்டும் நின்று கவனியுங்கள். அதன் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் ராடின் சூட்டில் ஆவியாகி வெள்ளைப் புகையாக எழும், பைப் ஓரத்தில் வெள்ளைத் தூள் படியும். அதைச் சுவாசித்தால் அன்று சாயந்திரமோ ராத்திரியோ வாயில் உலோகச் சுவை, நடுக்கம், காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. ஃப்ளூ மாதிரியே இருக்கும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். மூச்சுத் திணறல் வந்தால் அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரி. பால் குடித்தால், வெல்லம் தின்றால் சரியாகும் என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பலன் தருவது, வெல்டிங் வைக்கும் இடத்தில் இரு பக்கமும் ஓர் அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுப்பதும், காற்று உங்கள் பக்கவாட்டில் வீசும்படி நின்று புகைத்தூணுக்குள் தலையை விடாமல் செய்வதும்தான். கைக்குட்டை கட்டுவதில் பயனில்லை, என்95 போடுங்கள். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017ல் முதல் வகையில் சேர்த்துவிட்டது. ஒரு ஷெட் கட்டுவதில் அந்தக் கவலை பெரிதில்லை, இதையே தொழிலாக்கினால் பெரிது. இரும்பில் ஆயில் துடைக்க பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். வெல்டிங் கதிரும் சூடும் பட்டால் அது ஃபாஸ்ஜீன் ஆகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு.

கிரைண்டரை இதில் சேர்க்காமல் விட முடியாது, வெல்டிங் செய்பவர்களின் கண்ணில் இரும்பு விழுவது பெரும்பாலும் அதில்தான். வீலைச் சுற்றியிருக்கும் மூடியைக் கழற்றாதீர்கள், நான்கு அங்குல மெஷினில் ஐந்து அங்குல வீல் மாட்டாதீர்கள். வீலின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் காலாவதி மாதம் அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு சிலாக் (வெல்டிங்கின் மேல் படியும் கசடு) தட்டும்போதும் வெள்ளைக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். சூடான சிலாக் சில்லு நேராக மேலேதான் தெறிக்கும். வெல்டிங் முடிந்த இரும்பில் சாக்பீஸால் ‘சூடு’ என்று எழுதி வையுங்கள். சிவப்பு போன பிறகும் வெகுநேரம் கையைப் பொசுக்கும். சுட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், பற்பசையும் பேனா மையும் தடவாதீர்கள்.

பணத்தை எதில் போடுவது என்றால், மெஷினோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் ஷீல்டையும் சன்னக் கையுறையையும் ஒதுக்கி வையுங்கள். முதல் செலவு பாயின்ட்டுக்கு எர்த்தும் ஆர்சிசிபியும், அடுத்தது 4 சதுர மில்லி வயர், அதற்கடுத்து இரண்டு ஜோடி தோல் கையுறை. மிச்சத்தில் நல்ல ஹெல்மெட். அதை வாங்கும்போது பைப் பிடிக்கப் போகிறவருக்கும் ஷேடு 10 கண்ணாடி போட்ட ஒரு ஷீல்டு சேர்த்து வாங்கிவிடுங்கள்.